சுமைச் சீட்டு

வத்தலக்குண்டில் பேருந்து மாறும்போது
நடத்துனர் அட்டைப்பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார்.
என்னம்மா உள்ளே?
பாத்திரம் என்றேன்.
பொய்யில்லை. பாதி பாத்திரம்தான்.
மீதிப் பாதிக்கு
எந்தச் சொல்லைச் சொன்னாலும் இறக்கிவிட்டிருப்பார்.
அறுபது ரூபாய்க்குச் சுமைச் சீட்டு கிழித்தார்.
மூன்று பேர்
ஒரே சீட்டில் சென்னை வந்தார்கள்.

கிளாம்பாக்கத்தில் விடிந்தது.
ஆட்டோக்காரரும் கேட்டார். அவருக்கும் பாத்திரம்.

கீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஆய்வகம்
முன்பு பல் மருத்துவமனை.
எலும்பு வைக்கும் அலமாரியில்
'ஈறுகளைக் காப்போம்' ஸ்டிக்கரை
இன்னும் யாரும் உரிக்கவில்லை.
மலையில் மொறுமொறுவென்று கிடந்த ஓடுகள்
வந்த இரண்டாம் நாளே இங்கே வியர்த்தன.
கருப்பு சிவப்பு விளிம்பில் உப்பு பூத்தது.

பலகைக்கல் நான்கு, மூடுகல் ஒன்று.
கிழக்குக் கல்லில் வட்டமாய் ஒரு துளை.
நான் கைவிட்டபோது முழங்கை வரை போனது.
உள்ளே குளிர். வெளியே காப்பிப் பூ வாசம்.
இதை எழுத அறிக்கையில் இடமில்லை.
துளையின் விட்டத்துக்கு இருந்தது.

பெனடிக்டா எலும்புகளைப் பிரித்தாள்.
இது தொடை. இதுவும் தொடை.
இது இன்னொருத்தரோட தொடை.
பயிற்சிக்கு வந்திருந்த சுதர்சனம் கேட்டான்:
அவ்வளவு பெரிய மலையில்
ஆளுக்கொரு குழி தோண்டவா இடமில்லை?
அவள் தூரிகையை நிறுத்தவில்லை.
எங்க வீட்லயும் அப்படித்தான்.
இங்கேதான், ரெண்டு தெரு தள்ளி.
தாத்தாமேல அத்தை. அத்தைமேல அப்பா.
பதினாலு வருஷம் ஆனாத்தான் திறக்க விடுவாங்க.
அப்பா பன்னெண்டுலயே போயிட்டார்.
கையெழுத்து வாங்குற வரைக்கும்
மூணு நாள் ஐஸ் பெட்டியில இருந்தார்.
பிறகு அதே குரலில்,
வலது முட்டியில் தேய்மானம்,
மேடு ஏறி இறங்கிய உடம்பு, எழுதிக்கோ என்றாள்.
எழுதிக்கொண்டேன்.

பானையின் அடிமண்ணைச் சலித்ததில்
உமி.
ஒரு சிட்டிகை, கரிந்த நெல் உமி.
அந்த உயரத்தில் நெல் விளையாது.
சாமையும் தினையும் தின்றவர்கள்
செத்தவருக்கென்று கொஞ்சம் நெல்லை
அடிவாரத்திலிருந்து சுமந்திருக்கிறார்கள்.
வழியில் யாராவது கேட்டிருப்பார்கள்
என்ன மூட்டை என்று.
என்ன சொல்லியிருப்பார்கள்?

டிசம்பர். புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்,
மறந்துவிட்டது.
இரவு பத்தரைக்கு வாட்ச்மேன் கோதண்டம் அழைத்தார்.
மேடம், தண்ணி வாசப்படி தாண்டுது.
முட்டிக்குமேல் சாக்கடையில் நடந்து போனோம்.
கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
பெட்டி பெட்டியாக இரண்டாம் மாடிக்கு.
கோதண்டம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கினார்.
யாரும் சொல்லவில்லை.
முப்பத்தெட்டு படி.
ஆறாவது நடையில் மூச்சு வாங்க
பாத்திரம் ரொம்பக் கனக்குது என்றாள் பெனடிக்டா.
சிரித்ததில் எனக்குப் பிடி நழுவப் பார்த்தது.

திங்கட்கிழமை பதிவேட்டைக் காயவைத்துத் திறந்தேன்.
மை பரவியிருந்தது, எண்கள் பிழைத்திருந்தன.
'கடல் மட்டத்திலிருந்து உயரம்' என்ற கட்டத்தில்
1640 மீட்டர், என் கையெழுத்து.
அதன் கீழே பென்சிலால்
ஏழு என்று எழுதி
அடித்து
பதினான்கு என்றேன்.

உமிதான் நனைந்துவிட்டது.
ஜன்னலைச் சாத்தி, வடிதாளில் பரப்பி,
மின்விசிறி போடாமல்
வேர்த்து வடிய உட்கார்ந்திருக்கிறோம் மூவரும்.
தும்முகிறவர்கள் வெளியே போய்த் தும்மவும் என்று
கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள் பெனடிக்டா.